அக்கா எதை அளந்தாள்?

என் முதல் தொகுப்பில் அக்காவைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அணுவைப் பிளக்கப் போனவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் அதன் சாரம். கல்லூரிக் கூட்டங்களில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கவிதை அது.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூடி வைத்தாள். "நல்லாருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் அணுவைப் பிளக்கவே இல்லடி" என்றாள்.

நான் சிரித்தேன். கவிதைக்கு அதெல்லாம் முக்கியமா என்று கேட்டதாக நினைவு. அப்படியானால் நீ என்னதான் செய்தாய் என்று கேட்கவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பழம்பாடல்களில் ஒரு பாடபேதத்துக்காக மூன்று பதிப்புகளைப் புரட்டியிருக்கிறேன். உடன்பிறந்தவள் மூன்று வருஷம் எதை ஆராய்ந்தாள் என்று ஒரு வரி தெரியாமல் அவளைப் பற்றி இருபத்திரண்டு வரி எழுதியிருந்தேன்.

எங்கள் ஊர் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரை. வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவது பங்குனியில், நந்தி கல்யாணத்துக்கு. புனர்பூச நாளில் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அம்மனும் மாப்பிள்ளை நந்தியை அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வருவார்கள். வியாக்கிரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகை பெண். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இந்தப் பக்கத்துச் சொல்வழக்கு. கல்யாணமாகாத பெண்களைப் பெற்றவர்கள் எங்கெங்கிருந்தோ கூட்டிவருவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பங்குனி. அக்காவுக்கு இருபத்தைந்து வயது. வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அம்மா கடிதம் மேல் கடிதம் போட்டு அவளை வரவழைத்து, பட்டுப்புடவை கட்டிவிட்டு, கூட்டத்துக்குள் முன்னால் தள்ளி நிற்கவைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். சித்திரையில் வரன் வந்தது. வைகாசியில் கல்யாணம். ஆவணியில் அக்கா அத்தானோடு பல்கலைக்கழகத்துக்குப் போய் விடுதியிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. "பெரியவளுக்கு முடிஞ்சிட்டா நீ எவ்வளவு வேணும்னாலும் படிச்சுக்க" என்று அப்பா சொல்லியிருந்தார். என் படிப்பு தமிழ். "அது வீட்லேருந்தே எழுதிக்கலாம்" என்று எல்லோரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். அக்காவின் படிப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஈயக்கட்டிகளைக் கொண்டுவர முடியாது. திரவ நைட்ரஜனைத் தூக்குவாளியில் எடுத்துவர முடியாது. அவள் விட்ட இடம் எனக்கு வழியாயிற்று. அப்புறம் அவள் விட்டதை எழுதி நான் கைத்தட்டலும் வாங்கினேன்.

பல வருஷம் கழித்து அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், எங்கள் பக்கம் சொல்வதுபோல், "கரண்ட் வைத்தார்கள்". தினமும் காலையில் நானோ அக்காவோ கூட்டிப்போவோம். ஒருநாள் இருவரும் போயிருந்தோம். கனமான கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வெளியே வந்த டெக்னீஷியனிடம் அக்கா கேட்டாள்: "சோர்ஸ் எப்ப சார் மாத்துனது?" அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு வருஷத்தைச் சொன்னார். அக்கா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். "அதான் நேரம் கூட ஆகுது" என்றாள்.

உள்ளே இருப்பது கோபால்ட்-60 என்று அவள்தான் சொன்னாள். அதன் அரை ஆயுள் ஐந்தேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அத்தனை வருஷத்தில் வீரியம் பாதியாகும். அதே அளவு கதிர் படவேண்டுமென்றால் இருமடங்கு நேரம் வைக்கவேண்டும். "கோபால்ட் ஒரு எலெக்ட்ரானை வெளியே விட்டுட்டு நிக்கலா மாறும். மாறுன உடனே அது அமைதியா இருக்காது. ரெண்டு படி இறங்கும். முதல் படி 1173, ரெண்டாவது 1332. அந்த ரெண்டு காமா கதிர்தான் இப்ப அம்மா மேல படுது." எண்களைச் சாமி பெயர் சொல்வதுபோல் சொன்னாள். "எங்க லேப்ல தினமும் காலையில முதல்ல இந்த ரெண்டு கோடும் சரியான இடத்துல விழுதான்னு பார்ப்போம். தராசை முள் பார்க்கிற மாதிரி."

அடையாற்றில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி நான் பெண்ணியக் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். கோபால்ட் என்ற சொல்லை அங்கெல்லாம் உச்சரித்துமிருக்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்று அன்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்துகொண்டேன். அம்மா வெளியே வந்துவிட்டாள். பேச்சு நின்றது. அம்மா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாள்.

மறுபடி அந்தப் பேச்சைத் தொடர எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. போன பங்குனியில் அக்கா தன் மகளோடு வந்தாள். அவளும் இயற்பியல்தான், பி.எஸ்சி. கடைசி வருஷம். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் தேறியிருந்தாள். வடக்கே எங்காவது இடம் கிடைக்கலாம். அத்தான் வீட்டில், "போறதுக்கு முன்னாடி நந்தி கல்யாணத்தைப் பார்க்க வச்சுக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மூவரும் கொள்ளிடத்து மணலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பையிலிருந்து நீளமான தடித்த அட்டை நோட்டு ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தாள். அதை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் கேட்டேன்: "நீ என்னக்கா அளந்த?"

அவள் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். பிழையிருந்தால் என்னுடையது.

நூறு மீட்டர் அகலமான பிராகாரத்தை ஓர் அணு என்று வைத்துக்கொண்டால், அதன் கரு நடுவே கிடக்கும் ஒரு கேழ்வரகு மணி. அதற்குள் எந்தக் கண்ணும் போகாது. உள்ளே என்ன ஒழுங்கு இருக்கிறது என்பதை வெளியே வருவதை வைத்துத்தான் அறியவேண்டும். சில கருக்களில் நியூட்ரான் கூடுதலாக இருக்கும். அப்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். மாறும்போது ஓர் எலெக்ட்ரான் வெளியேறும். இதுதான் பீட்டா சிதைவு. மாறிப் பிறந்த புதிய கரு பெரும்பாலும் கிளர்ந்த நிலையில் இருக்கும். மாடியிலிருந்து படிப்படியாக இறங்குவதுபோல் ஒவ்வொரு மட்டமாக இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு காமா கதிர். அந்தக் கதிர்களின் ஆற்றலை அளந்தால் படிகளின் உயரம் தெரியும். எது எதோடு சேர்ந்து, ஒரே நேரத்தில் வருகிறது என்று பார்த்தால் எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி என்பது தெரியும். பார்க்க முடியாத வீட்டின் மாடிப்படியை, இறங்கும் காலடிச் சத்தத்தை வைத்து வரைவது.

அக்கா எடுத்துக்கொண்டது ஆண்டிமனி-124. "அஞ்சனக்கல் இருக்குல்ல, கண்ணுக்கு மை, அதுல இருக்கிறதுதான்" என்றாள். இலக்கியத்தில் அஞ்சனம் வருகிற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். அஞ்சனத்துக்குள் இருக்கும் தனிமத்தின் பெயர் ஆண்டிமனி என்பது மட்டும் தெரியாது. டிராம்பே அணு உலையில் வைத்து எடுத்த துளியளவு ஆண்டிமனி ஈயப் பெட்டியில் வரும். 51 புரோட்டான் உள்ள அந்தக் கரு பீட்டா சிதைவில் 52 புரோட்டான் உள்ள டெல்லூரியமாகும். அது கடைசியாக இறங்கும் படி 603 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கோடு. நான் தேடுனது மேல இருக்கிற சின்னச் சின்னக் கோடு."

சின்னக் கோடுகளுக்கு இரவுகள் வேண்டும். பலவீனமான கதிர் எப்போதாவதுதான் வரும். மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தால்தான் இரைச்சலிலிருந்து தலைதூக்கும். பகலில் மின்சாரம் ஏறி இறங்கும், கோடு இடம் மாறும். ராத்திரியில்தான் நிலையாக இருக்கும். பெண்கள் விடுதிக் கதவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். "பசங்க ராத்திரி பார்த்துப்பாங்க, நீ காலையில வந்து நம்பரை எழுதிக்கம்மா" என்று அவளுடைய வழிகாட்டி சொன்னாராம். அன்பாகத்தான் சொன்னாராம். பையன்கள் நைட்ரஜன் ஊற்ற மறந்த இரவுகள் நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன.

ஆண்டிமனி-124க்கு அரை ஆயுள் 60 நாள். சித்திரையில் போனவள் ஆவணியில் திரும்பியபோது நாலு மாதம் ஆகியிருந்தது. கால்பங்குதான் மிச்சம். அத்தான் வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்திருக்க, அக்கா உள்ளே போய் ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கிறாள். நோட்டின் கடைசிப் பதிவு அது. தேதி, நேரம், பத்து நிமிட எண்ணிக்கை. எதிர்பார்த்த அளவுக்குச் சரியாக இருந்தது என்று ஒரு சரிக்குறி. "நான் இல்லாட்டியும் அது பாட்டுக்குக் கணக்குப்படி குறைஞ்சிருந்துச்சு. அதைப் பார்த்தப்பதான் அழுகை வந்துச்சு" என்றாள்.

அக்கா மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்த ஃபீல்டுல எவ்ளோ பொம்பளைங்கம்மா!" என்றாள். பிறகு வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

பீட்டா சிதைவின் கதையில் முதலில் நிற்பவர் லிசே மைட்னர். 1907இல் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு வந்தார். வேதியியல் நிறுவனத்துக்குள் பெண்களை விடுவதில்லை. கீழ்த்தளத்தில் தச்சுப்பட்டறையாக இருந்த அறையை ஒதுக்கினார்கள். தனி வாசல். சம்பளம் கிடையாது. அங்கேதான் ஓட்டோ ஹானோடு சேர்ந்து பீட்டா கதிர்களை அளந்தார். ஒரே வகைக் கரு விடும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடு கிளம்பவேண்டும் என்று அவர் நம்பினார். அளந்து பார்த்தால் சில நிறைய, சில கொஞ்சம் என்று பலவிதமாக வந்தன. வரும் வழியில் எங்கோ ஆற்றலை இழக்கின்றன என்று வாதாடினார். 1927இல் இங்கிலாந்தில் எல்லிஸும் வூஸ்டரும் மொத்த வெப்பத்தையே அளந்து, அப்படி வழியில் எதுவும் சிந்தவில்லை என்று காட்டினார்கள். மைட்னர் தானே அந்தச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்து பார்த்தார். அதே விடை. தன் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் மீதி ஆற்றல் எங்கே? ஆற்றல் அழியாது என்ற விதியையே விட்டுவிடலாமா என்று நீல்ஸ் போர்கூட யோசித்தார். 1930 டிசம்பர் 4ஆம் தேதி வுல்ஃப்காங் பவுலி, டூபிங்கனில் கூடியிருந்த மைட்னர் முதலிய கதிரியக்க ஆய்வாளர்களுக்கு வேடிக்கையாக விளித்து ஒரு கடிதம் எழுதினார். எலெக்ட்ரானோடு இன்னொரு துகளும் கண்ணுக்குப் படாமல் வெளியேறுகிறது, கணக்கில் குறைவதை எடுத்துப்போவது அதுதான் என்றார். பிற்பாடு அதற்கு நியூட்ரினோ என்று பெயர் வந்தது. 1956இல்தான் பிடிபட்டது. மைட்னரோ யூதர் என்பதால் 1938இல் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஓடவேண்டியிருந்தது. அணுக்கருப் பிளவுக்கான 1944ஆம் ஆண்டின் நோபல் ஹானுக்கு மட்டும் போயிற்று.

அடுத்தவர் சீனாவில் 1912இல் பிறந்த சியன்-ஷியங் வூ. அவருடைய அப்பா பெண்களுக்காகப் பள்ளி நடத்தியவர். பீட்டா சிதைவுக்கு ஃபெர்மி எழுதிய கோட்பாட்டோடு சோதனைகள் ஒத்துப்போகாமல் இருந்தன. வூ பார்த்தார்: கோட்பாட்டில் குறையில்லை, ஆய்வுக்கு எடுத்த செம்பு உப்புப் படலம் தடிமனாகவும் மேடுபள்ளமாகவும் இருந்தது. எலெக்ட்ரான்கள் அதிலிருந்து வெளியேறும்போதே களைத்துப்போயின. கரைசலில் சலவைப் பொடி போன்ற ஒன்றைக் கலந்து படலத்தைச் சீராகவும் மெல்லியதாகவும் பரப்பினார். கோடு கோட்பாட்டின் மேல் உட்கார்ந்தது. இதைக் கேட்டு அக்கா நெடுநேரம் சிரித்தாள். "பார்த்தியா, தோசை மெல்லிசா ஊத்தத் தெரிஞ்சவ" என்றாள்.

1956 கடைசியில் அதே வூ கோபால்ட்-60ஐத் தனிச்சுழி வெப்பத்துக்கு நூறில் ஒரு பாகம் மேலே இருக்கும்படி குளிர்வித்து, அதன் கருக்களை எல்லாம் ஒரே பக்கம் திருப்பிவைத்து எண்ணினார். எலெக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக வரவில்லை. இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றல்ல என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அப்படி இருக்கலாம் என்று எழுதிய லீ, யாங் இருவருக்கும் 1957இல் நோபல் கிடைத்தது. எண்ணிக் காட்டியவருக்கு இல்லை. எங்கள் அம்மாவுக்குக் கரண்ட் வைத்த அதே கோபால்ட்.

மரியா கெப்பர்ட் மேயர் பல வருஷம் சம்பளமில்லாமல் பல்கலைக்கழகங்களில் வேலை செய்தவர். கணவர் பேராசிரியர் என்பதால் மனைவிக்கும் வேலை தருவது முறையாகாதாம். கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் அடுக்கடுக்கான ஓடுகளில் நிரம்புகின்றன. 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கைகளில் ஓடு நிறைந்து கரு உறுதியாகிறது என்று விளக்கினார். பீட்டா சிதைவுகளைத் தொகுத்து வைத்து அந்தக் கருத்தைச் சரிபார்த்த கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. 1963இல் நோபல் கிடைத்தபோது அவர் ஊர்ப் பத்திரிகை, சான் டியாகோ அம்மா ஒருவருக்குப் பரிசு என்று தலைப்புப் போட்டது. அக்காவின் டெல்லூரியத்துக்கு 52 புரோட்டான். நிறைந்த 50க்கு வெளியே இரண்டு. "அந்த ரெண்டு பேர் என்ன பண்றாங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நம் நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்து சுவாமி ஞானானந்தா. காவி உடுத்த துறவி. ஐரோப்பா வரை போய்ப் படித்து வந்து வால்டேரில் அணுக்கரு இயற்பியல் துறையைக் கட்டினார். அவர்மேல் எனக்கு மரியாதைதான். ஆனாலும் வீட்டைத் துறந்து ஆய்வகத்துக்குப் போன ஆணை நாம் சுவாமி என்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருக்கவேண்டும் என்று கேட்ட பெண்ணை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று அக்கா சொன்னாள். இங்கே எழுதவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்குள் இருந்த கவிஞர் சும்மா இருப்பாளா? "கணக்கில் குறைவது யாரோ கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிவிட்டதால், என்ன உவமைக்கா!" என்றேன். அக்கா முகம் மாறிவிட்டது. "உனக்கு எல்லாமே வேற ஒண்ணைச் சொல்றதுக்குத்தானா? நியூட்ரினோ நியூட்ரினோதான். அதுவே போதாதா?"

போதும்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவளே சமாதானமாகி ஒன்று சொன்னாள். 1977இல் ஹார்டி என்பவரும் கூட்டாளிகளும் இல்லாத ஒரு கருவைக் கணினியில் கற்பனையாக உண்டாக்கினார்கள். மில்டனின் நரகத் தலைநகரான பாண்டமோனியத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் சிதைவை வழக்கமான கருவியால் அளந்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்தார்கள். நுட்பமான கருவிகள் பெரிய கோடுகளைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் உயரத்திலிருந்து நூற்றுக்கணக்கான சின்னக் கதிர்களாகச் சிதறி இறங்குவதைத் தவறவிடும். தவறவிட்டது இல்லாததாகப் பதிவாகும். அந்தச் சிதைவெல்லாம் கீழ்ப்படியிலேயே நேராக வந்து விழுந்ததாக அட்டவணையில் ஏறிவிடும். அட்டவணை பார்க்க முழுமையாகவே இருக்கும்.

அணு உலையை நிறுத்திய பிறகும் சிதைவினால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில், ஓடியபோது இருந்ததில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு. 2011இல் ஃபுகுஷிமாவில் உலையை உருக்கியது இந்த வெப்பம்தான். அதைக் கணக்கிட இந்த அட்டவணைகள் வேண்டும். அதனால் இப்போது மூலப்பொருளைச் சுற்றிலும் பெரிய படிகங்களை வைத்து, சிறிது பெரிது என்று பாராமல் வருவதெல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் கருவிகளால் பழைய கருக்களை மறுபடி அளக்கிறார்கள். "பழைய புக்ல இருக்கேன்னு விட்டுடலடி. திரும்ப அளக்கறாங்க" என்றாள். இதை வைத்து என்ன செய்துகொள்வதென்று எனக்கே விட்டுவிட்டதுபோல் ஆற்றைப் பார்த்தாள்.

எங்கள் கோயிலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ராசராசன் காலத்தில் விமானத்தை இடித்துக் கட்ட முடிவானபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்து வைக்கச் சொன்னார்கள். ராசேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றை மறுபடி வெட்டினார்கள். மாணவிகளுக்கு இதை வருஷந்தோறும் சொல்வேன். அன்று இரவு அக்காவின் நோட்டை வாங்கி உட்கார்ந்து படியெடுத்தேன். தேதி, நேரம், எண்ணிக்கை, நைட்ரஜன் ஊற்றியது, ஊற்ற மறந்தது. நாற்பது பக்கம் ஆயிற்று. புரியாத இடங்களில் அக்கா மகள் விளக்கினாள்.

மறுநாள் கூட்டத்தில் பெரியம்மா முறையாகும் ஒருத்தர் அவள் கன்னத்தைத் தடவி, "அடுத்த பங்குனிக்குள்ள உனக்கும் ஆயிடும்" என்றார். அக்கா, "அவ எம்.எஸ்சி. சேரப் போறா பெரியம்மா. அங்க ஹாஸ்டலை ராத்திரி பூட்ட மாட்டாங்களான்னு விசாரிச்சுட்டேன்" என்றாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நந்தி வந்துவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

என் முதல் தொகுப்பு மறுபதிப்பு வருகிறது. அந்தக் கவிதையை எடுத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எதுக்கு? இருக்கட்டும். வெங்காயம் நறுக்கறது உண்மைதானே" என்றாள். "அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்திடு. பிளக்கங்கறதை அளக்கன்னு போடு."

மாற்றிவிட்டேன். ஓசை கெடவில்லை.